கூச்சமெல்லாம் கெடையாது

வகுப்பறை வாசலில் கிடக்கிறது அந்த நீல யூனிபார்ம், சுருட்டி எறிந்த வாக்கில், உள்ளே மேசைக்கு அடியில் வெறும் ஷிம்மியோடு உட்கார்ந்திருக்கிறாள் ஆர்த்தி, இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அவள் கழற்றிப் போடுவது இது முதல் தடவை இல்லை, ஜெபராணி குனிந்து அதை எடுக்கிறாள், கழுத்துத் தையல் விரலில் உரசியதும் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்துமஸ் காலை வந்துவிடுகிறது, வலைத்துணி வைத்த ரோஸ் கவுன், கழுத்தைச் சுற்றி நெருஞ்சிமுள்ளை வைத்துத் தைத்த மாதிரி, கோயிலுக்குள் சின்னப் பிள்ளையான ஜெபராணி அழுகிறாள், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் கிள்ளுகிறாள், திமிர் பிடிச்ச கழுத என்கிறாள் சித்தி, அந்தப் பேர் கல்யாணம் வரைக்கும் கூடவே வந்தது.

அது திமிர் இல்லை என்று தெரிந்தது வெகுகாலம் கழித்து, பல்கலைக்கழக ஆய்வில் சேர்ந்த பிறகு, தொடுவதும் சத்தமும் வெளிச்சமும் எல்லோருக்கும் ஒரே அளவில் வந்து சேர்வதில்லையாம், சிலருக்குக் கூடுதலாக, சிலருக்குக் குறைவாக, அதைத்தான் இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அம்மாக்களிடம் கேட்டறிகிறாள். தென்காசிப் பக்கம் இந்தப் பள்ளிக்குப் போன மாதம் வந்தபோது ஆர்த்தியின் அம்மா உலகம்மாளிடம், பிள்ளைக்குத் தொட்டால் கூச்சம் உண்டா என்று கேட்டாள், உலகம்மாளுக்குச் சிரிப்பு, கூச்சமெல்லாம் கெடையாது டீச்சர், யாரு வந்தாலும் நல்லாப் பேசுவா. சரி, இல்லை என்று எழுதியாகிவிட்டது, இல்லையென்றால் இது வெறும் அடம்தானே, ஹெட்மாஸ்டர் சங்கரநாராயணன் இன்று டி.சி.யில் கையெழுத்துப் போட்டுவிட்டு உலகம்மாளை வகுப்பறை வாசலுக்கே வரவழைத்திருக்கிறார், கெட்ட மனிதர் இல்லை, நான் என்னம்மா செய்ய, மத்த பிள்ளைங்க வீட்லேருந்து வந்து சத்தம் போடுதாங்க, மதுரைல ஹாஸ்டலோட ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, அங்க பாத்துக்கிடுவாங்க என்கிறார், ஏழு வயசுப் பிள்ள, நான் பக்கத்துல இல்லாம ஒறங்க மாட்டா சார் என்கிறாள் உலகம்மாள்.

யூனிபார்ம் இன்னும் ஜெபராணி கையில் இருக்கிறது, வெயிலில் கண் கூசும், புளியங்காய் தின்றால் பல் கூசும், அக்குளில் விரல் வைத்தால் உடம்பு கூசும், ஆனால் கூச்சம் உண்டா என்றால் அது வெட்கம், தான் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், உலகம்மாள் வேறொன்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. சார் ஒரு நிமிஷம், நான் கேட்டதே சரியில்ல என்று சொல்லிவிட்டு உலகம்மாள் பக்கம் திரும்பினாள், அக்கா, வெக்கத்தக் கேக்கல, இந்தத் தையல் மேல பட்டா இவளுக்கு என்ன செய்யும். குத்தும், வேற என்ன செய்யும் என்றாள் உலகம்மாள், எல்லாருக்கும் குத்தத்தான செய்யும், பொம்பளப் பிள்ள பொறுத்துக்கிடப் பழகணும்லா. எல்லாருக்கும் குத்தாதுக்கா. ஹெட்மாஸ்டர் தன் சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தார், எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. உலகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஜெபராணி பக்கமாகத் திரும்பித் தோளில் முந்தானையைக் கொஞ்சம் நகர்த்தினாள், ஜாக்கெட்டின் தையலெல்லாம் வெளியே இருந்தது, சின்னதுலேருந்து மறிச்சுத்தான் போடுதேன் டீச்சர், முந்தானைய இழுத்து மூடிக்கிடுவேன், எல்லாரும் பொறுத்துக்கிடுதாங்க, எனக்குத்தான் பொறுக்கத் துப்பில்லன்னு நெனச்சேன்.

யூனிபார்மையும் உள்பக்கம் வெளியே வர மறித்து மேசைக்கு அடியில் நீட்டினார்கள், ஊரு சிரிக்குமேம்மா என்கிறார் ஹெட்மாஸ்டர், சிரிக்கட்டும் சார், தையல் வெளிய இருந்தா பாடம் உள்ள போகாதா என்கிறாள் ஜெபராணி, அவர் முணுமுணுத்துக்கொண்டே டி.சி.யை இரண்டாகக் கிழிக்கிறார், ஆர்த்தி அதை மாட்டிக்கொண்டு கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள், இன்னொரு தடவை தடவுகிறாள், பிறகு மேசைக்கு அடியிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைத் தேடுகிறாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உலகம்மாளின் முகத்தில் வந்த சந்தோஷம் பாதியில் நின்றது, இதக் கழட்டுனதுக்குத்தான டீச்சர் தெனமும் அடிச்சேன், தையல் பட்டதுக்கே இம்புட்டுன்னா என் அடி அவளுக்கு எம்புட்டு வலிச்சிருக்கும் என்று கேட்டாள்.