தண்ணி வண்டி

காரைத் தொடுவதற்கு முன் ஹாஜா மைதீன் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். தாம்பரத்தில் தின்ற மசால்வடையின் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது. அத்தனை பளபளப்பான கறுப்பின் மேல் தன் கைரேகையைப் பதிக்க அவருக்கு மனம் வரவில்லை.

முடிச்சூரைத் தாண்டி, செம்மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் இருந்தது அந்த ஏல யார்டு. வங்கிகள் பிடித்து வந்தவை, கம்பெனிகள் கழித்துவிட்டவை, பணக்காரர்கள் அலுத்துப்போய்த் தள்ளியவை என்று நூற்றுக்கணக்கான கார்கள், கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் நம்பர் போட்டு, வரிசையாக நின்றன. டீலர்கள் மட்டும்தான் ஏலம் கேட்க முடியும். அதனால் ராஜகோபால் என்ற டீலரைப் பிடித்து அவருடைய ஆளாக உள்ளே வந்திருந்தார் ஹாஜா மைதீன்.

“நல்லா பாத்துக்கோங்க பாய். ஏலம் முடிஞ்சா முடிஞ்சதுதான். இருக்கிற இடத்துல, இருக்கிற மாதிரி. அப்புறம் கதவு வரல, கண்ணாடி எறங்கலன்னு என்கிட்ட வரக் கூடாது” என்று சொல்லிவிட்டு ராஜகோபால் போனில் பேசியபடியே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இருபத்தாறு வருடமாக ஹாஜா மைதீன் டிரைவர். சொந்தமாக ஒரு சின்னக் கார் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தார். இரண்டு வருடமாக அந்தப் பிழைப்பு தேய்ந்துகொண்டே வந்தது. போனைத் தட்டினால் வாசலில் வண்டி நிற்கிற காலத்தில் அவரை யார் கூப்பிடுவார்கள்? கீழ்க்கட்டளையில் கல்யாண ஏற்பாடுகள் செய்யும் சத்யபிரியாதான் ஒரு வழி சொன்னாள். “மாப்பிள்ளை, பொண்ணு வர்றதுக்குப் பெரிய கார்தான் கேக்குறாங்க பாய். பழசா இருந்தாலும் பரவால்ல, ஜெர்மன் வண்டியா ஒண்ணு கொண்டாங்க. எல்லா முகூர்த்தமும் உங்களுக்குத்தான்.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித் தன் சின்னக் காரை விற்றுவிட்டார். மனைவி ஷரீஃபாவின் வளையல்களும் அதோடு சேர்ந்தன. இப்போது அவரிடம் ஓட்ட வண்டி கிடையாது. இந்தக் கறுப்புக் கார் அமைய வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பத்து மூன்று வயதில் யாரிடமாவது போய்ச் சம்பளத்துக்கு நிற்க வேண்டும்.

உள்ளே உட்கார்ந்தார். மெத்தென்ற தோல் சீட். மல்லிகை சென்ட் மூக்கில் ஏறியது. யாரோ ஒரு பாட்டிலையே கவிழ்த்தது போல அவ்வளவு வாசனை. அதற்கு அடியில் வேறொரு புளித்த நெடி இருந்தது. சீட் பழசு, ஆனால் தரைவிரிப்பு மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. பின்சீட்டின் நடுவே சின்னதாக ஒரு குளிர்பெட்டி. திறந்தார். உள்ளே இரண்டு கண்ணாடித் தம்ளர் வைக்கிற பள்ளம்.

“இத்தயா கேக்கப் போறீங்க?”

ஜன்னல் ஓரத்தில் செக்யூரிட்டிக்காரர் நின்றார். பெயர் தனசிங் என்று சட்டையில் இருந்தது. அறுபதை ஒட்டிய வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை.

“ஆமாண்ணே. இன்ஷா அல்லா.”

தனசிங் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைத் துடைப்பது போலக் கையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க பாய், வேலை பூடும். இது தண்ணி வண்டி.”

ஹாஜா மைதீனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவனைத் தெருவே அந்தப் பெயரால்தான் கூப்பிடும். குளிர்பெட்டி, தம்ளர் பள்ளம், புளித்த நெடி, அதை மூடக் கொட்டிய சென்ட். வாந்தி எடுத்து நாசமாக்கியிருப்பான், அதனால்தான் விரிப்பை மாற்றியிருக்கிறார்கள். பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ.

“புரியுதுண்ணே” என்றார் தாழ்ந்த குரலில். “விட்ருங்க. அடுத்தவங்க பாவத்த நாம தோண்டிப் பேச வேணாம். கழுவினா போயிடும்.”

“கழுவினா போவுமா?” தனசிங் விழித்தார். “இன்னா பாய் நீங்க, தண்ணின்னா...”

ஹாஜா மைதீன் கையை உயர்த்தித் தடுத்தார். “போதும்ணே. நீங்க சொன்னதே பெரிசு. உங்க வேலைக்கு ஒண்ணும் வரக் கூடாது.”

தனசிங் மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு கேட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

ஏலம் மறுநாள் ராஜகோபாலின் கடையில், ஒரு போனில் நடந்தது. கூட்டமில்லை, கூச்சலில்லை. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. யாரோ ஒருவர் விலையை ஏற்றினார், ராஜகோபால் ஏற்றினார், மறுபடி அவர் ஏற்றினார். ஹாஜா மைதீன் கண்ணை மூடி பிஸ்மி சொன்னார். கண்ணைத் திறந்தபோது திரை பச்சையாக இருந்தது. “வண்டி உங்களுது பாய். பிரியாணி எப்ப?” என்றார் ராஜகோபால்.

வண்டி கீழ்க்கட்டளைத் தெருவுக்குள் வந்தபோது மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷரீஃபா வாளியில் தண்ணீரும் பன்னீரும் கலந்து எடுத்து வந்தாள். கணவர் குடிகாரன் கதையைச் சொல்லியிருந்ததால் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் துடைத்தாள்.

“ஏங்க, எவ்வளவு தேச்சாலும் அந்த வாடை போகலையே. சாராயம் இப்படியா நாறும்?”

“நான் என்ன குடிச்சா பாத்தேன்? பணக்காரங்க சரக்கு. வேற மாதிரி இருக்கும்.”

“எனக்கென்னமோ நம்ம பாத்ரூம் மிதியடி மாதிரி இருக்கு.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சாம்பிராணி போட்டு, குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி, நான்கு கதவையும் திறந்துவைத்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பது அதற்குப் பிறகு ரொம்ப நாள் நடக்கவில்லை.

பதினோராம் நாள் முதல் சவாரி. பம்மலில் பெண் வீடு, மேடவாக்கத்தில் மண்டபம். பெண்ணின் பெயர் ஆஷா. காரில் ஏறும்போதே “தேங்க்ஸ் அங்கிள்” என்று சொன்ன நல்ல பெண். ரேடியல் ரோட்டில் பாதி தூரம் போனதும் ஸ்டீயரிங்குக்கு முன்னாலிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஏசி நின்றது. ஜன்னல் இறங்கவில்லை. பிறகு வண்டி, நடு ரோட்டில், பெருமூச்சு விட்டது போல அடங்கிப்போனது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பட்டுப் புடவையும் மாலையுமாக அந்தப் பெண் வெயிலில் இறங்கி, வேர்வையில் மை கரைய, ஓர் ஆட்டோவில் ஏறிப் போனாள். போகும்போதும் அவரைத் திட்டவில்லை. “நீங்க என்ன பண்ணுவீங்க அங்கிள்” என்றாள். அவள் வீட்டு ஆண்கள் திட்டியதைவிட அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

சத்யபிரியா அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மெக்கானிக் அசார் வண்டியைச் சுற்றி வந்தான். பானட்டைத் திறக்கவே இல்லை. பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டே போனான், கடைசி முழம் வரைக்கும். அந்தக் கடைசி முழத்தில், யாரும் இழுத்துப் பார்க்காத இடத்தில், பெல்ட் பழுப்பாக இருந்தது. காய்ந்த சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“ஹாஜாண்ணே, இது வெள்ளத்துல கழுத்து வரைக்கும் நின்ன வண்டி. அந்த டிசம்பர் மழையில முழுகியிருக்கும். எவனோ காயவச்சு, விரிப்ப மாத்தி, சென்ட் அடிச்சு வித்திருக்கான். உள்ள ஒயர் பூரா அரிச்சுப்போச்சு. இத சரி பண்றதுக்கு இன்னொரு வண்டியே வாங்கிடலாம்.” கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “அங்க ஒருத்தர் கூடவா சொல்லல?”

ஹாஜா மைதீன் தெருமுனைக்கு வந்து ஆட்டோ பிடித்தார். நேராக முடிச்சூருக்குப் போனார்.

தனசிங் கேட்டருகில் ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே, வெள்ளத்துல முழுகினதுன்னு. குடிகாரன் வண்டின்னுதானே சொன்னீங்க?”

தனசிங்கின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. “குடிகாரனா? நான் எப்ப பாய் சொன்னேன்? தண்ணி வண்டின்னேன். இங்க அப்படித்தான் சொல்லுவோம். தண்ணியில நின்ன வண்டி, தண்ணி வண்டி.” டப்பாவை மடியில் வைத்துவிட்டு, “நீங்க கழுவினா பூடும்னீங்களா, இவருக்கு எல்லாம் தெரிஞ்சுகீது, தெரிஞ்சேதான் வாங்குறாருன்னு நெனச்சுகினேன். அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல கூட உங்கள வச்சேன்” என்றார்.

ஹாஜா மைதீன் செம்மண்ணில் அப்படியே குந்தினார். ஒரு மனிதர் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே உதவி நீட்டினார். நான் நல்லவனாக இருக்கிறேன் என்ற நினைப்பில் அதைப் பாதியிலேயே கைகாட்டி நிறுத்திவிட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

“இன்னும் ரெண்டு வாய் கீது. துன்னுங்க” என்று டப்பாவை நீட்டினார் தனசிங். ஊறுகாய் ஓரமாக ஒட்டியிருந்தது. அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

கடைக்குப் போய்க் கேட்டபோது ராஜகோபால் சண்டைக்கு வரவில்லை. அன்பாகவே பேசினார். “நான் பொய் ஒண்ணும் சொல்லலியே பாய். நீங்க கேக்கவே இல்ல. சரி விடுங்க, மறுபடி ஏலத்துல போட்டுடலாம். அந்த பெல்ட்ட மட்டும் மாத்திடுங்க. ஒரு வாரம் ஓடுற மாதிரி அசார் பண்ணிக் குடுத்துடுவான். நீங்க வாங்கல? அதே மாதிரி ஒருத்தன் வாங்குவான்.”

ஹாஜா மைதீன் அதற்குச் சரி என்றார். அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. வீட்டில் ஷரீஃபாவின் வெறும் கை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பெல்ட் மாறியது. கறுப்புக் கார் பழைய வரிசையிலேயே, புது நம்பரோடு போய் நின்றது.

ஏலத்துக்கு முன் ஆட்கள் வண்டி பார்க்க வரும் நாளில் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. கேட்டருகே தனசிங்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். பதினோரு மணிக்கு, வேறொரு டீலரின் ஆட்களாக, ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஜோனத்தான், ஜெனி என்று தனசிங்கின் நோட்டில் எழுதினார்கள், ஊர் பெரும்பாக்கம். அரை மணி நேரம் கறுப்புக் காரையே சுற்றினார்கள். அந்தப் பெண் சீட்டில் உட்கார்ந்து, இறங்கி, மறுபடி உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது அவன் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தான்: “நம்ம வண்டிய வித்தது நல்லதாப் போச்சு. இத வச்சு ஓட்டினா மூணு வருஷத்துல செட்டில் ஆயிடலாம்.”

தனசிங் ஹாஜா மைதீனைப் பார்த்தார். நோட்டை மூடிப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

“தம்பி, ஒரு நிமிஷம்.” ஹாஜா மைதீனின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “அந்தக் கறுப்பு வண்டி வெள்ளத்துல முழுகின வண்டி. மழைத் தண்ணி, கழுத்து வரைக்கும். ஒரு வாரம் ஓடும், அப்புறம் நடு ரோட்டுல நின்னுடும். வாங்காதீங்க.”

“உங்களுக்கு எப்படி தெரியும்?”

“தெரியும்.”

அவன் முகம் சுருங்கியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஹாஜா மைதீன் ராஜகோபாலுக்குப் போன் போட்டார். “வெள்ள வண்டின்னு லிஸ்ட்டுல எழுதிடுங்க சார்.”

“அப்படி எழுதினா ஏலம் எதுக்கு? புதுப்பேட்டையில வண்டி உடைக்கிறவன்தான் வருவான். இரும்பு விலை. யோசிச்சுக்கோங்க.”

“அங்கயே போகட்டும்.”

போனைப் பையில் போட்டுக்கொண்டார். நெஞ்சு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. ஷரீஃபாவிடம் எப்படிச் சொல்வது என்ற ஒன்றுதான் அங்கே கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வெளியே ஷேர் ஆட்டோ புறப்படத் தயாராக இருந்தது. உள்ளே ஜெனியும் ஜோனத்தானும். இடமே இல்லை. ஜெனி தன் பையை எடுத்து மடியில் வைத்து, கணவனை இடித்து நகர்த்தினாள். “வாங்கண்ணா, ஒட்டி ஒக்காந்துக்கலாம்.”

ஆட்டோ குலுங்கிக்கொண்டு தாம்பரம் நோக்கிப் போனது. சற்று தூரம் போனதும் அவள் சொன்னாள்: “நல்ல வேளை சொன்னீங்க. இருந்த வண்டியையும் வித்துட்டு நிக்கிறோம். அந்த ஓனர் யாருன்னு தெரியல, எவ்ளோ நெஞ்சழுத்தம் பாருங்க. தெரிஞ்சே நம்ம தலையில கட்டப் பாத்தான். உருப்படுவானா அவன்?”

ஹாஜா மைதீன் சாலையைப் பார்த்தபடி இருந்தார். சட்டைப்பையில் அந்தக் காரின் இரண்டாவது சாவி உறுத்தியது.

“அவனுக்கும் என்ன கஷ்டமோம்மா” என்றார் கடைசியில். “கோயிலுக்குப் போவீங்கள்ல, அவனுக்காகவும் ஒரு ஜெபம் பண்ணுங்க.”

“அவனுக்கா? நல்லா இருக்கே” என்று அவள் சிரித்தாள். ஜோனத்தானும் சிரித்தான்.

தாம்பரத்தில் இறங்கும்போது அவர் காசைத் தேடினார். ஜெனி அவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அவர் கை பாதி உயர்ந்தது. பிறகு அதைக் கீழே இறக்கிக்கொண்டார்.

“வர்றேன்மா.”

“சரிண்ணா.” ஆட்டோ நகர்ந்தபோது அவள் தலையை வெளியே நீட்டினாள். “அவன் பேர் தெரியாதே. பரவால்ல, கறுப்பு வண்டிக்காரன்னு சொல்லிப் பண்றேன்.”

கீழ்க்கட்டளை பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் அவர் வீட்டுக்குப் பஸ்ஸில் போனதே இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டுக்கொண்டு நடந்தார்.