திருப்பித் தந்த துணி

அப்துல் ஸமதின் பிக்-அப்பை விற்பதில் அவருடைய மனைவி கைறுன்னிஸாவுக்கு மறுப்பு இல்லை. இரத்தோட்டையிலிருந்து மாத்தளைச் சந்தைக்கு மிளகும் வாழைக்குலையும் ஏற்றி வந்த வண்டி அது. ஓட்டியவர் மாரடைப்பில் போய்விட்டார்; வீட்டில் வேறு ஓட்டுபவர் இல்லை.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் குறித்த காலம் முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முன் வரலாகாது. கணவனின் தம்பி சாலிஹும் அந்த விதிப்படி அந்நியரே. ஆகவே வண்டியைப் பற்றிய பேச்செல்லாம் திரைச்சீலையின் இருபுறமும் நின்றே நடந்தது.

"எஞ்சின் நல்லா இருக்கு மதினி. உள்ளுக்குத்தான் பார்க்க ஏலாது. உள்கூரைத் துணி வெளுத்து, வௌவால் மாதிரித் தொங்குது. வாங்க வாற உக்குவளைக்காரர் கதவத் தொறந்தா அப்பிடியே மூடிட்டுப் போயிருவாரு. பழனிமுத்துக்கிட்ட குடுத்துச் சரி பண்ணிருவோம்."



அந்தத் துணியில், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் மேலே, உள்ளங்கையளவு கறை ஒன்று இருந்தது. ஸமத் நெடிய மனிதர். மலைச்சாலையின் ஒவ்வொரு குழியிலும் அவருடைய தலை கூரையைத் தொட்டது. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் ஆண்டுக்கணக்காக அங்கே ஊறியிருந்தது. அவருடைய படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே. அது சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒட்டியது. முகத்தின் பாதியை முத்திரை மறைத்திருந்தது. மீதிப் பாதி, அவளுக்கு அறிமுகமாவதற்கு முந்திய ஓர் இளைஞனுடையது. அவர் எவ்வளவு உயரம் என்பதை அந்தக் கறை மட்டுமே சொல்லும்.

கணவனின் தலையெண்ணெய்க் கறை தனக்கு வேண்டும் என்று அவருடைய தம்பியிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"பழைய துணிய வீசிர வேணாம்," என்றாள். "திருப்பித் தரச் சொல்லுங்க."

சாலிஹ் நேர்மையானவர். சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோனார்.

மாரியம்மன் கோயிலைத் தாண்டி இருந்தது பழனிமுத்துவின் குஷன் பட்டறை. அவர் வண்டிக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார்.

"புதுத் துணியா போடணும் மொதலாளி? கொழும்புல போய் நின்னாலும் கெடைக்காதுங்க. கப்பல்ல இப்பத் துணியா வருது?"

"புதுசு வேணாம். மதினி சொன்னாங்க, பழச வீச வேணாமாம். திருப்பித் தரட்டுமாம்."

"பாருங்களேன்! வீட்டுக்குள்ள இருக்கிற அம்மாவுக்குத் தோணிருக்கு. துணிக்கடை வச்சிருக்கிற ஒங்களுக்குத் தோணலயே."

"மிஞ்சுற துணியில எனக்கும் ஒரு மூளை தச்சுத் தாங்க."

வீட்டில் திருப்பித் தருவது என்றால் உரியவரிடம் சேர்ப்பது. பட்டறையில் அதற்கு வேறு பொருள். இறக்குமதி நின்றிருந்த அந்த ஆண்டுகளில், வெளுத்த துணியைக் கழற்றி, வெயில் படாத மறுபக்கம் வெளியே தெரியுமாறு தைத்துக் கொடுப்பதே திருப்பித் தருவது. பழனிமுத்துவிடம் வந்தவர்களில் பலர் அதைத்தான் கேட்டார்கள்.

அவர் அரைகுறை வேலை செய்பவர் அல்லர். எண்ணெய்க் கறையை விட்டுவைத்தால் திருப்பிய பின்னும் அது ஊறி வெளியே தெரியும். ஆகவே, சாயம் போகாதபடி இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்துத் துணியை ஊறவைத்தார்; கறை இளகி மறையும்வரை நீரை மாற்றினார்; நிழலில் உலர்த்தினார்; அதன் பிறகே தைத்தார்.

வண்டி முற்றத்துக்கு வந்ததும், சாலிஹும் பழனிமுத்துவும் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டுப் படலைக்கு வெளியே ஒதுங்கினார்கள். கைறுன்னிஸா வெளியே வந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, மேலே பார்த்தாள். கூரை முழுவதும் இளம்பச்சை. ஒரு சுருக்கம் இல்லை. கையை உயர்த்தித் தடவினாள். தையலை உற்றுப் பார்த்தபோது நடந்தது விளங்கியது. அதோடு ஒரு நம்பிக்கையும் வந்தது. துணி அதே துணி. கறை தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்புறம் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் போய்த் திரைக்குப் பின்னால் நின்று, இருவரையும் அழைத்தாள்.

"அண்ணன், ஒரு ஓரத்த மட்டும் அவுத்துப் பார்க்க ஏலுமா?"

"என்னத்துக்குங்கம்மா?"

"மேல ஒரு கறை இருந்திச்சே."

பழனிமுத்துவின் முகம் மலர்ந்தது. "அதுக்கா பயப்படுறீங்க? கறையோட திருப்புற ஆளு நான் இல்லீங்கம்மா. தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போட்டு எடுத்தேன். அந்தப் பக்கமும் ஒரு பொட்டு கெடையாது. அவுத்துக் காட்டவா?"

"வேணாம்."

"நீங்கதானே மதினி திருப்பித் தரச் சொன்னீங்க?" என்றார் சாலிஹ். அவருக்கு ஏதோ உறுத்தியது.

"ஓ, நான்தான் சொன்னேன்."

அவள் கேட்டாள்: "அந்தத் தண்ணிய எங்க ஊத்தினீங்க?"

பழனிமுத்து சாலிஹைப் பார்த்தார். சாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார்.

"கான்லதாங்கம்மா. பட்டறைக்கு முன்னால ஓடுதே, அந்தக் கான்ல. யார் வீட்டுக்குள்ளயும் போகாது. அன்னைக்கு நல்ல மழை, அப்பவே அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பழனிமுத்து மகிழ்ந்தார். மகிழத்தக்க வேலைதான் அது. வண்டி உக்குவளைக்குப் புறப்பட்டுப் படலையைத் தாண்டியது.