ஆறுக்கு ஐந்து

மரணத்தின் முன்னால் எல்லாரும் சமம் என்று பெண் பாதிரியார் சொல்லி வாய் மூடவில்லை, ஐஸ் ஹாக்கி கிளப்பின் மலர்வளையம் சிற்றாலயத்தின் வாசலில் மாட்டிக்கொண்டது. செத்துப்போன கலெர்வோவின் சவப்பெட்டியே அந்த வாசலில் தாராளமாக நுழைந்திருந்தது. வளையம் நுழையவில்லை. கிளப்பின் தலைமை நிர்வாகி சர்கோலா ஒரு பக்கமும் அவருடைய விளம்பர அதிகாரி மறு பக்கமும் பிடித்துச் சாய்த்து ஒருவழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். நாலைந்து லில்லிப் பூக்கள் படியிலேயே உதிர்ந்தன.

"வாசல் எங்க இருக்குன்னே தெரியல பாரு," என்று முன்வரிசையில் இருந்த கலெர்வோவின் மனைவி சிர்க்கா மகளின் காதில் சொன்னாள். "இவங்க கோல் போட்ட லட்சணமும் இதேதானே."

மகள் பைவி சிரிக்கவில்லை. மூன்று வரிசைக்குப் பின்னால் கையில் இரண்டே இரண்டு பூவோடு நின்ற அப்பாவின் நண்பர் மார்த்தியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

அந்த ஊரில் சாவுக்கு வந்தவர்கள் பூவை வைத்துவிட்டுச் சும்மா திரும்பிவிட முடியாது. பெட்டியருகே போய், பூவோடு கட்டிய நாடாவில் எழுதியிருப்பதை எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். பெட்டிக்கு ஒருமுறை தலைகுனிந்து, குடும்பத்துக்கு ஒருமுறை தலைகுனிந்துவிட்டுத்தான் நகரலாம். அடுத்த வீட்டுக்காரரிடம் முப்பது வருஷமாக வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாதவர்கள்கூட இந்த ஒரு தடவை குரலை உயர்த்தியாக வேண்டும். பாதிப் பேருக்கு அழுகையைவிட அந்தப் பயம்தான் பெரிது.

சர்கோலாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. அரங்கத்தில் மைக்கைப் பிடித்த தோரணையிலேயே வாசித்தார்.

"ஆறு பேர் ஆடும் ஆட்டத்தின் ஏழாவது வீரருக்கு. கடைசி நொடிவரை எங்களோடு இருந்தவருக்கு. என்றும் நன்றியுடன், மரங்கொத்திகள்."

நாடாவின் இன்னொரு வாலில் கிளப்புக்குப் பணம் கொடுக்கும் டயர் கடையின் பெயர் அச்சாகியிருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது: எந்தப் பனியிலும் பிடி விடாது.

"ஏழாவது வீரராம்," என்றாள் சிர்க்கா. "நாப்பத்தோரு வருஷம் அங்க ஏழாவதா இருந்தாரு. வீட்டுல ரெண்டாவது ஆளா இருக்கத்தான் நேரமில்ல."

மரங்கொத்திகள் என்ற அந்த அணியினர் அந்தக் குளிர்காலத்தில் அறுபது ஆட்டம் ஆடினார்கள். பதினொன்றில் ஜெயித்தார்கள். பதினைந்து அணிகளில் பதினைந்தாவது இடம். அக்டோபரில் பயிற்சியாளரை மாற்றினார்கள். டிசம்பரில் மாற்றி வந்தவரையும் மாற்றினார்கள். மூன்றாவதாக, அதுவரை வீடியோ படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவரையே பயிற்சியாளராக நிற்க வைத்தார்கள். ஜனவரியில் பெரிய விளம்பரத்தோடு கனடாவிலிருந்து வந்து இறங்கிய கோல்கீப்பர், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் வாரமே திரும்பிப் போய்விட்டான். ரசிகர்கள் முதலில் விசில் அடித்து அவமானப்படுத்தினார்கள். பிறகு அதற்கும் சலித்துப்போய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சர்கோலா மட்டும் வாரம் தவறாமல் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார். அதில் 'தோல்வி' என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. 'கட்டமைப்புக் காலம்' என்று வந்தது.

கலெர்வோ விசில் அடித்ததில்லை. நாற்பத்தொரு வருஷமாக ஒரே இருக்கை, பக்கத்து இருக்கையில் மரஆலையில் கூட வேலை பார்த்த மார்த்தி. கடைசி மணி அடிக்கும்வரை எழுந்ததில்லை. அது அவருடைய ஒரே பெருமை. அதையும் அவராகச் சொல்லிக்கொண்டதில்லை, மார்த்திதான் சொல்லுவார்.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, சொந்த ஊரில் கடைசி ஆட்டம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கலெர்வோ கார் ஓட்டுவதில்லை என்பதால் அவரை அழைத்துப்போக பைவி வந்திருந்தாள். சீக்கிரமே வந்துவிட்டாள். மூன்று பகுதி ஆட்டத்தின் இரண்டாவது இடைவேளை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்து காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவளுக்குக் கார் வரிசையைக் கண்டால் வயிறு எரியும். போன் போட்டாள்.

"அப்பா, வெளியில வாங்க. ஊரே கிளம்புது. இப்ப விட்டா ஒரு மணிநேரம் மாட்டிக்குவோம்."

"இன்னும் ஒரு பகுதி இருக்கே."

"சைபருக்கு அஞ்சு அப்பா. அதுல என்ன பார்க்கப் போறீங்க? எனக்கு விடிகாலை அஞ்சு மணிக்கு டியூட்டி."

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் வந்தார். உட்காரும் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் மாதிரி வந்தார்.

பார்க்கிங் தடுப்பின் முன்னால் இருபது நிமிஷம் நின்றார்கள். அதற்குள் மூன்றாம் பகுதி தொடங்கிவிட்டது. ரேடியோவில் வர்ணனையாளன் கத்தினான்: ஒன்றுக்கு ஐந்து. ஒரு நிமிஷம் ஆகவில்லை, இரண்டுக்கு ஐந்து.

"திருப்பு," என்றார் கலெர்வோ.

"எங்க திருப்பறது? முன்னாலயும் கார், பின்னாலயும் கார்."

அவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். 

பதினொரு கிலோமீட்டர். அவர் பேசவில்லை, அவளும் பேசவில்லை. வேறு குடும்பமாக இருந்தால் 'என்னப்பா ஒண்ணும் பேசாம வர்றீங்க' என்று கேட்டிருப்பார்கள். அந்தக் குடும்பத்தில் கால்மணி நேர மௌனம் நோய்க்குறி அல்ல. மாலை நேரத்து வழக்கம். கோபமாக இருக்கிறார், காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி "வந்தாச்சு" என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போதுதான் அவர் கையைத் தொட்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் செய்ய வேண்டியதைச் செய்து பார்த்துவிட்டு, கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம் மெல்லச் சொன்னது அவளுக்குக் கேட்டது. "நம்ம ஆளுங்க ஜெயிச்சுட்டாங்கடா. ஆறுக்கு அஞ்சு. கடைசி நொடியில."

சிர்க்கா அந்த வாரம் தாம்பெரே நகரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பைவி போனில்தான் சொன்னாள். 

"எங்க வெச்சு?"

"கார்ல. ஆட்டத்துலேர்ந்து வர்ற வழியில."

"தோத்துட்டாங்களா?"

"இல்லம்மா. ஜெயிச்சாங்க."

"பார்த்தாரா?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. பைவி இன்னொரு சொல்லைச் சொன்னாள்.

"பார்த்தாரு."

"அது போதும்," என்றாள் சிர்க்கா.

அந்த ஒரு சொல் தாம்பெரேயில் தங்கைக்குப் போனது. தங்கை ஊரில் ஒருத்திக்குச் சொன்னாள். புதன்கிழமை ஊர்ப் பத்திரிகையில் வந்தது: வெற்றியைக் கண்டு கண்மூடிய ரசிகர். வியாழக்கிழமை சர்கோலா பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இருக்கைக்கு ஒரு பித்தளைத் தகடு போடப்போவதாகச் சொன்னார். இந்த மூன்று வாரத்தில் பைவி உண்மையைச் சொல்ல நான்கு தடவை வாயெடுத்தாள். நாலு தடவையும் அம்மாவே முந்திக்கொண்டு, "சந்தோஷமாப் போனாரு, அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கம் வருது," என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் மார்த்திக்குத் தெரியுமே. பக்கத்து இருக்கையிலிருந்து கலெர்வோ மெத்தையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனதைப் பார்த்திருப்பாரே.

மார்த்தியின் முறை வந்தது. பூவை வைத்தார். நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "நண்பனுக்கு. மார்த்தி," என்று வாசித்தார். பெட்டிக்குத் தலைகுனிந்தார். குடும்பத்தின் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்துவிட்டார். 

அடக்கம் முடிந்து திருச்சபைக் கூடத்தில் காபி. சால்மன் மீன் வைத்து அடுக்கிய ரொட்டிக் கேக், ஏலக்காய் ரொட்டி, காபி, பிறகு இன்னும் காபி. இரங்கல் அட்டைகளை வாசித்து முடித்ததும் சர்கோலா எழுந்தார். இந்த சீசன் ஒரு கசப்பான பாடம் என்றார். ஆனால் ஒரு கலெர்வோ இருக்கும்வரை ஒரு கிளப் தோற்பதில்லை என்றார். இப்போது கலெர்வோ இல்லை என்பது அவருக்கே நடுவில் உறைத்திருக்க வேண்டும், இருமிச் சமாளித்தார். பிறகு, சுருட்டி வைத்திருந்த ஒரு பெரிய தாளை விரித்தார். தொப்பி போட்ட கலெர்வோவின் படம். அடுத்த சீசனுக்கான விளம்பரப் பலகை, அரங்கத்தின் முகப்பில், பன்னிரண்டு மீட்டர் உயரத்தில். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: கடைசி நொடிவரை. நீங்களும் வாருங்கள்.

"எங்க வரச் சொல்றாங்க?" என்று சிர்க்கா மகளிடம் கேட்டாள். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்காரு."

"நீங்க சம்மதிச்சா போதும், சிர்க்கா," என்றார் சர்கோலா. "அன்னிக்கு அந்த ஆறாவது கோல்! கத்திக் கத்தி எனக்கு ரெண்டு நாள் தொண்டையே இல்ல."

சிர்க்கா திரும்பினாள். மேசையின் கோடியில் குனிந்து காபியைக் கலக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"மார்த்தி. நீ தானே பக்கத்துல இருந்தே. சொல்லு. அந்த ஆறாவது கோல் விழுந்தப்போ என்ன பண்ணினாரு?"

 மார்த்தி நிமிர்ந்தார். சிர்க்காவைப் பார்க்கவில்லை, பைவியைப் பார்த்தார். பைவி கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"எழுந்திரிச்சாரு," என்றார் மார்த்தி.

"கலெர்வோவா?"

"ஆமா. எழுந்திரிச்சு தொப்பியைக் கழட்டினாரு."

"தூக்கி எறிஞ்சாரா?"

"சேச்சே. அவரு எறிவாரா? கழட்டினாரு. உள்ளே ஒரு தரம் பார்த்தாரு. திரும்பப் போட்டுக்கிட்டாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"'பரவால்ல'ன்னாரு."

மூன்று வாரமாக அழாத சிர்க்கா அப்போதுதான் அழுதாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரிக்கவும் செய்தாள். "பரவால்லையா! எங்க கல்யாணத்தன்னிக்குச் சொன்னாரு. அதுக்கப்புறம் அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல." சர்கோலா பக்கம் திரும்பினாள். "மாட்டிக்கோங்க உங்க பலகையை."

மார்த்தி கோட்டை எடுக்கப் போனபோது பைவி பின்னாலேயே போனாள். கோட்டுகள் தொங்கும் நடைவழியில் வேறு யாருமில்லை.

"மார்த்தி. ரொம்ப நன்றி."

 கோட்டின் ஒரு கையை மாட்டியபடியே நின்றுவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எது?"

"நான் அங்க இல்லேங்கறது."

பைவிக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவசரம் அவசரமாகப் பேசினார். "முதல் இடைவேளையிலயே கிளம்பிட்டேன். சைபருக்கு மூணு. என்னால தாங்க முடியல. சாசேஜ் வாங்கிட்டு வர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டேன். 'கடுகுச் சாஸ் வேண்டாம்'னு சொன்னாரு. அதுதான் கடைசியா சொன்னது. கடுகு வேண்டாம்." அவருடைய உதடு கோணியது. "நான் வருவேன்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. அவ்வளவு கேவலமான குளிர்காலத்துக்கப்புறம் ஜெயிக்கிறாங்க, கை குலுக்கப் பக்கத்துல ஒரு ஆள் இல்ல. தனியா பார்த்திருக்காரு பைவி. நாப்பத்தோரு வருஷம்... நான் ஓடிட்டேன். அவரு இருந்தாரு."

சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. 'அவரும் இல்ல.' அந்த ஒன்றைச் சொன்னால் இந்த எழுபத்திரண்டு வயது மனிதர் இன்று இரவு தூங்குவார். கதவுக்கு அந்தப் பக்கத்தில் அம்மா யாரிடமோ, "கழட்டி, உள்ளே பார்த்துட்டு, திரும்பப் போட்டுக்கிட்டாராம்," என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாதே," என்றார் மார்த்தி.

"சொல்லமாட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். மன்னிக்கப்பட்டவர் மாதிரிக் குலுக்கினார். தொங்கிக்கொண்டிருந்த கோட்டின் இன்னொரு கையைத் தேடி மாட்டிவிட்டவள் பைவிதான். அவர் போனபிறகும் அங்கேயே நின்று, யாருடையது என்று தெரியாத ஒரு கோட்டைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது சர்கோலா சிர்க்காவைத் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். மறுக்க முடியாத மரியாதை அது. சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு சிர்க்கா முன்சீட்டில் ஏறினாள். பைவி மிச்சமிருந்த ரொட்டிக் கேக்கை டப்பாவில் அடைத்துக்கொண்டு தன் காரில் பின்தொடர்ந்தாள். சாலையோரத்துப் பனி கறுத்துச் சேறாகிக் கிடந்தது.

ரயில் கேட்டில் இரண்டு கார்களும் நின்றன. சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. சர்கோலாவின் காரில் இடது பக்கப் பின்விளக்கு உடைந்திருந்தது. ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் கறுப்புப் பட்டையைக் குறுக்கே இரண்டு சுற்று ஒட்டியிருந்தார். பட்டையின் ஒரு நுனி பிரிந்து காற்றில் ஆடியது.

பைவிக்கு அந்தப் பட்டை தெரியும். ஆட்டத்தன்று அரங்கத்தின் பார்க்கிங் தடுப்புக்கு முன்னால், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தனக்கு முன்னால் நின்ற காரில் இருபது நிமிஷம் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே சர்கோலா கிளம்பியிருந்தார்.