கென்சாகுவின் தாள்

ஹிரசாவா கிராமத்தில் கிஹெயின் சைக்கிளைக் கண்டால் பெண்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அவர் கிராம அலுவலகத்தின் ராணுவ எழுத்தர். படையில் வந்து சேரச் சொல்லும் சிவப்புத் தாள் வந்தால் அவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போனவன் இறந்துவிட்டான் என்று படைப்பிரிவிலிருந்து அறிவிப்பு வந்தாலும் அவர்தான். எட்டு வருடமாக அந்த மலைப்பள்ளத்தாக்கின் முந்நூறு வீடுகளுக்கும் இந்த இரண்டு தாள்களையும் சுமந்திருக்கிறார். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் குனிந்து வணங்குவார்கள், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

1945 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வந்த தபாலில் யாசுவின் இளைய மகன் கென்சாகுவின் பெயர் இருந்தது. பிப்ரவரி இருபதாம் தேதி, பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில், போரில் மரணம். கிஹெய் அதை இரண்டு முறை படித்தார். யாசுவின் மூத்த மகன் சீனாவில் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோனவரும் அவர்தான். அன்று யாசு அழவில்லை. “இந்த வெயில்ல இவ்வளவு தூரம் மேல ஏறி வந்திருக்கீங்களே தம்பி” என்று சொல்லி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அவர் கீழே இறங்கினார்.

மறுநாள் ஒபோன் தொடங்குகிறது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கிப் போகும் பண்டிகை. அந்த வீட்டில் யாசுவும் கென்சாகுவின் மனைவி மிட்சுயெயும் மட்டும்தான். மூத்தவனை வரவேற்க வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் இளையவனும் போய்விட்டான் என்று எப்படிச் சொல்வது? பண்டிகை முடியட்டும், பதினேழாம் தேதி காலையில் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, தாளை மேசை இழுப்பறையில் வைத்தார். இத்தனை வருட வேலையில் அவர் ஒரு தாளை ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. இதுதான் முதல் முறை.

பதினைந்தாம் தேதி நண்பகலில் ஊரே பள்ளிக்கூட முற்றத்தில் கூடி நின்று வானொலி கேட்டது. பேரரசரின் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. இரைச்சலுக்கு நடுவே, யாருக்கும் பிடிபடாத அரண்மனைப் பழமொழி நடையில் ஏதோ சொன்னார். தலைமை ஆசிரியர் விசும்பத் தொடங்கிய பிறகுதான் தோற்றுவிட்டோம் என்பது மற்றவர்களுக்குப் புரிந்தது.

இரண்டு மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஊர்த்தலைவர் எடுத்துப் பேசினார். வைத்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

“ராணுவத் தாள் எல்லாத்தையும் எரிச்சிடணுமாம். பேரேடு, கடிதம், ஒரு துண்டு விடாம. பொழுது சாயறதுக்குள்ள.”

“எல்லாத்தையுமா?” என்றார் கிஹெய்.

“அமெரிக்காக்காரன் வந்து பார்த்தா முதல்ல உன்னையும் என்னையும்தான்யா தூக்குல போடுவான். எடு, எடு!”

அலுவலகத்துக்குப் பின்னால் முசுக்கொட்டைத் தோட்டத்து ஓரமாகத் தீ மூட்டினார்கள். கிஹெய் பேரேடுகளைக் கையிடுக்கில் அடுக்கிக்கொண்டு ஆறு தடவை நடந்தார். யார் எந்தத் தேதியில் போனான், எந்தப் பிரிவு, யாருக்குக் கண் பழுது, யார் வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை, எல்லாம் அவர் கையெழுத்து. வேலையை மேற்பார்க்க வந்த காவலர் பொறுமை இழந்து, மேசை இழுப்பறைகளையே பிடுங்கிக்கொண்டு வந்து தீயின் மேல் கவிழ்த்தார்.

அந்தத் தாள் மேலாக விழுந்தது. ஓரம் பழுப்பேறிச் சுருளத் தொடங்கியதைக் கிஹெய் பார்த்தார். கையில் நீளமான கம்பு இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் வெளியே வந்திருக்கும். காவலர் பக்கத்தில் நின்றார். கிஹெய் கம்பை அசைக்கவில்லை. பயம் என்றுதான் பின்னாளில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த நொடியில் நெஞ்சுக்குள் வந்து போனது வேறொன்று: இனி இதைக் கொண்டுபோக வேண்டியதில்லை என்ற ஆறுதல்.

மறுநாள் காலையிலேயே யாசு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, வாயில் முன்பல் ஒன்று இல்லை. கென்சாகு படைக்குப் போன நான்கு வருடத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. இன்று சிரித்தாள்.

“சண்டை முடிஞ்சு போச்சாமே தம்பி! தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன. எங்க கென்சாகு எப்ப வருவான்?”

அலுவலகத்தில் இன்னும் சாம்பல் நாற்றம் அடித்தது. மேசையில் இழுப்பறைகள் இருந்த இடங்கள் வெறும் பொந்துகளாக இருந்தன. கிஹெய் வாயைத் திறந்தார்.

“கப்பல் கிடைக்கணும் இல்லையா அக்கா” என்றார். “பர்மா ரொம்பத் தூரம்.”

“தூரமா இருந்தா என்ன. வருவான்ல?”

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். யாசு ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாள் கழியும்போதும், ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்வி ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. தாள் இருந்தால் அதை நீட்டிவிட்டுக் குனிந்து நிற்கலாம், தாளே பேசிவிடும். வெறும் வாயால் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

குளிர்காலம் போய், 1946 வசந்தத்தில் ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். சீனாவிலிருந்து, தென்கடல் தீவுகளிலிருந்து, எலும்பும் தோலுமாக. யாசு வாரத்தில் இரண்டு நாள் ஆறு கிலோமீட்டர் நடந்து ரயில் நிலையத்துக்குப் போனாள். உள்ளே கீரை வைத்துச் சுட்ட கொழுக்கட்டைகள் நான்கைத் துணியில் கட்டி எடுத்துப் போவாள். படைச்சட்டை போட்டவன் யார் இறங்கினாலும், “பர்மாவா? பர்மாவிலேர்ந்தா?” என்று கேட்பாள். கடைசி ரயிலும் போன பிறகு, பசியோடு நிற்கும் எவனோ ஒருவனிடம் கொழுக்கட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். “என் பிள்ளைக்கும் வழியில யாராவது கொடுப்பாங்க” என்று சொல்வாளாம்.

அந்த வருட ஒபோனில் கிஹெய் அவள் வீட்டு வழியாகப் போக நேர்ந்தது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கு வழிகாட்ட மூட்டும் மரப்பட்டை நெருப்பு, வாசலில் ஒரே ஒரு குவியலாக எரிந்துகொண்டிருந்தது.

“மூத்தவனுக்கு” என்றாள் யாசு, கேட்காமலே. “சின்னவன்தான் நடந்தே வரப்போறானே. அவனுக்கு எதுக்கு நெருப்பு?”

அக்டோபரில் மிட்சுயெ அவரைத் தேடி வந்தாள். இருபத்து மூன்று வயது. கல்யாணமாகிக் கணவனோடு இருந்தது ஐந்தே மாதம். அலுவலகத்துக்குள் வராமல், அவர் சைக்கிளை நிறுத்தும் இடத்தில் நின்று காத்திருந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“எதைப் பத்தி?”

“எங்க வீட்டுப் பக்கம் வந்தா மட்டும் நீங்க சைக்கிள வேகமா மிதிக்கிறீங்க. நான் ஒரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” அவள் குரல் உயரவில்லை. “கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்க அப்பா ஒரு எடம் பார்த்திருக்காரு. நான் வரமாட்டேன்னுட்டேன். அவர் உயிரோட இருந்தா நான் காத்திருக்கத் தயார். பத்து வருஷம்னாலும் சரி. ஆனா இல்லைன்னா, சொல்லிடுங்க. எங்கத்தை ராத்திரியெல்லாம் மாவு பிசையறதைப் பாத்துக்கிட்டு என்னால படுத்திருக்க முடியல.”

கிஹெய் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். சாய்த்தது நிற்கவில்லை, சரிந்து விழுந்தது. அதை எடுக்காமலே, “வாம்மா, உங்க அத்தைகிட்டயே சொல்றேன்” என்றார்.

யாசு அடுப்பங்கரையில் கீரையை உப்பில் அழுத்திக்கொண்டிருந்தாள். கிஹெய் மண் தரையிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். தாள் வந்த நாள், அதில் இருந்த தேதி, ஐராவதி ஆறு, இழுப்பறை, தீ. கையில் கம்பு இருந்ததையும் சொன்னார். அவருக்குப் பின்னால் மிட்சுயெ மெல்லத் தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

“அப்போ ரெண்டு ஒபோனுக்கும்...” என்றாள் யாசு. “ரெண்டு ஒபோனுக்கும் அவனை நான் வாசல்லயே நிக்க வெச்சிட்டேனா?”

“மன்னிச்சிடுங்க அக்கா.”

அவள் உப்புக் கையை மேலாடையில் துடைத்தாள். குரல் மாறிவிட்டது.

“தாள் எங்க?”

“எரிஞ்சு போச்சு அக்கா. சொன்னேனே.”

“மூத்தவனுக்குத் தாள் கொண்டு வந்தீங்க. சிவப்புத் தாள் ரெண்டு தடவை கொண்டு வந்தீங்க. ரசீதுல என் முத்திரை வாங்காம போனதில்ல. இப்ப வெறுங்கையோட வந்து என் பிள்ளை செத்துட்டான்னு சொல்றீங்க?”

“என் கண்ணால படிச்சேன் அக்கா.”

“கண்ணு! ஒரு வருஷம் கழிச்சு வர்ற கண்ணா?” அவள் எழுந்து நின்றாள். “எழுத்தரே, தாளைக் காட்டி என் வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனீங்க, நான் ஒண்ணும் சொல்லல. தாள் இல்லாம ஒருத்தனைக் கொல்ல உங்களை விடமாட்டேன். எந்திரிங்க. எந்திரிச்சுப் போங்க.”

தம்பி என்று இருபது வருடமாக அழைத்தவள் அன்றுதான் அவரை எழுத்தரே என்றாள்.

மிட்சுயெ நம்பினாள். ஒரு மாதம் அந்த வீட்டிலேயே இருந்து, இறந்தவனுக்குப் படைப்பது போல ஒரு கிண்ணம் சோறு தனியாக வைத்தாள். யாசு அதை எடுத்துக் கோழிக்குப் போட்டாள். தினமும் வைப்பாள், தினமும் போடுவாள். நவம்பரில் மிட்சுயெயின் அப்பா கணவாயைத் தாண்டி வந்து மகளை அழைத்துப் போனார். அங்கே மனைவியை இழந்த ஒரு மரம் வெட்டுபவருக்கு அவளைக் கொடுத்தார்கள். ஆனால் பதிவு செய்ய முடியவில்லை. அரசாங்கத் தாளில் கென்சாகு இன்னும் உயிரோடு இருந்தான், அவள் இன்னும் அவன் மனைவி.

கிஹெய் நகரத்திலும் தலைநகரிலும் இருந்த படை கலைப்பு அலுவலகங்களுக்கு எழுதினார். பதில் இல்லை. திரும்ப எழுதினார். பர்மாவிலிருந்து திரும்பியவன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பனியில் நடந்து போனார். அவனுக்குக் கென்சாகுவைத் தெரியவில்லை. “அந்த ஆத்தோரம் எங்களை மாதிரி ஆயிரம் பேரு” என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இதற்குள் ஊர்த்தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பெண்கள் வாக்களித்தார்கள். புதிய அரசியல் சட்டம் வந்தது, இனிமேல் படையே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் வாசித்தார்கள். கிஹெயின் பதவியின் பெயரை மாற்றி, ரேஷன் எழுத்தர் என்று ஆக்கினார்கள். அவர் அதே மேசையில் உட்கார்ந்து ஆறாவது கடிதத்தை எழுதினார்.

1947 ஜூனில், நாற்று நடும் சமயத்தில், பதில் வந்தது. புதிய தாள், புதிய முத்திரை. தேதி அதேதான். ஆறும் அதேதான்.

யாசு வாசலிலேயே அவரை நிறுத்தினாள். ஒரு குளிர்காலத்தில் அவள் கூந்தல் முழுக்க வெளுத்திருந்தது. “படிங்க” என்றாள். படித்தார். “இன்னொரு தடவை.” படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது அவர் குரல் உடைந்தது. அவள் உடையவில்லை. தாளை வாங்கி, எழுத்துத் தெரியாத விரலால் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“மிட்சுயெகிட்ட கொண்டுபோய்க் குடுங்க. அவளுக்குத்தான் இது வேணும். எனக்கு எதுக்கு.”

கணவாய் ஏறி இறங்க அரை நாள் ஆனது. மிட்சுயெ வயலில் நின்றாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. சேற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து தாளைப் படித்தாள். மரம் வெட்டுபவர் வரப்பில் தள்ளி நின்று, பார்க்காதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை அழுதாங்களா?”

“இல்ல.”

“சாப்பிடுறாங்களா?”

யாசு வீட்டு அடுப்பு எரிந்ததா, பானையில் ஏதாவது இருந்ததா என்று கிஹெய் பார்த்திருக்கவில்லை. தாளைப் பற்றிய நினைப்பிலேயே போய், தாளோடு திரும்பிவிட்டார்.

மிட்சுயெ கணவரிடம் போய் ஏதோ பேசினாள். அவர் தலையசைத்தார். ஒரு மூட்டையில் கொஞ்சம் பார்லியும் மாற்று உடையும் கட்டிக்கொண்டு வந்து, “போலாம்” என்றாள்.

“இந்த நிலைமையில கணவாய் ஏற வேண்டாம்மா.”

அவள் முன்னால் நடந்தாள். கிஹெய் மூட்டையையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு முறை கையை நீட்டினார். அவள் அதைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள், கொடுக்கவில்லை. ஹிரசாவாவை அடைந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது.

யாசுவின் வீட்டில் புகை தெரியவில்லை. மிட்சுயெ, “அத்தை!” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். உள்ளிருந்து ஒரு பெண்குரல் ஓவென்று எழுந்தது. அது யாசுவின் குரல் என்று கிஹெய்க்கு உடனே தெரியவில்லை, அவள் அழுது அவர் கேட்டதே இல்லை.

மிட்சுயெ வாசலுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவரை ஒரு முறை பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினாள்.

கிஹெய் காலையில் அங்கே விட்டுப்போயிருந்த சைக்கிளில் ஏறி மிதிக்காமல், அதைக் கையால் தள்ளிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.