தலைவரின் சுட்டுவிரல்

பழைய கார் சங்கத்துக்குத் தலைவர் என்பதால் வீட்டிலும் அவர் தலைவர்தான். மனைவி அப்படிக் கூப்பிடுவது கேலிக்கு. அவர் அதை மரியாதைக் கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்வார்.

அன்று காலை மகளும் மாப்பிள்ளையும் அவருடைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் மலைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. சாவியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? மாப்பிள்ளை பல் டாக்டர். பெட்ரோல் போட்டால் கார் ஓடும் என்று நம்புகிற அப்பாவி.

“கியர்பாக்ஸ்ல ஆயில் எவ்வளவு நிக்குதுன்னு பார்க்காம வண்டியத் தொடவே கூடாது, மாப்பிள்ளை. நான் மாசம் தவறாம பார்ப்பேன். எங்க சங்கத்துல பாதிப் பேர் பார்க்கிறதே இல்ல. வெக்கக்கேடு!”

“மாசம் தவறாம நீங்க செய்யிறது மீட்டிங்ல பேசுறது ஒண்ணுதான்” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தலைகீழாக உள்ளே பாய்ந்தார். வெளியே நின்ற மனைவியும் மகளும் பார்க்க அவருடைய பின்பாதி மட்டும் மிஞ்சியது. சீட்டுகளுக்கு நடுவே விரிப்பை விலக்கி, அடியிலிருந்த ரப்பர் அடைப்பைப் பிடுங்கினார்.

“கியர்பாக்ஸ் பக்கவாட்டுல ஒரு மூடி இருக்கும். கழட்டி, விரலை விட்டு, கொக்கி மாதிரி கீழ மடக்கணும். ஓட்டையோட விளிம்பு வரைக்கும் ஆயில் நிக்கணும். பயப்படாதீங்க, இது கடிக்காது!”

“சரிங்க மாமா” என்று அடுத்த சீட்டிலிருந்து மாப்பிள்ளை டார்ச்சை உள்ளே அடித்தார்.

மூடிக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து ஒரே பூச்சாக வெள்ளி நிற பெயின்ட். ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் இல்லை. கார் வாங்கிய வருஷம் ஆசை ஆசையாகப் பூசிய பெயின்ட் அது. அந்தக் கதை மாப்பிள்ளைக்கு மனப்பாடம். டார்ச் வெளிச்சம் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“இறுகிப்போச்சு” என்றார் தலைவர், யாரும் கேட்காமலே.

ஸ்பேனரை இரண்டு கையாலும் அழுத்தியதும் ‘படக்’கென்று மூடி கழன்றது. பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. சுட்டுவிரலை விட்டு மடக்கினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே துழாவினார். வெளியே எடுத்தால், குளித்துவிட்டு வந்த சுத்தம் அப்படியே இருந்தது விரலில்.

மலை இறக்கம் கண்முன் வந்தது. பாதி வழியில் கியர் இறுகிப் பிடித்துக்கொண்டால்? பக்கத்து சீட்டில் மகள். அவருக்குக் காது மடல் வரை எரிந்தது.

“எவ்வளவுப்பா இருக்கு?” என்றாள் மகள் வெளியிலிருந்து.

மைக் கிடைத்தால் விடாத தலைவர் விரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். மாப்பிள்ளை அந்தக் கையை மெல்லப் பிடித்து விரலை நிமிர்த்தினார். பழந்துணியை எடுத்து, ஆயில் வழிகிற விரலைத் துடைப்பதுபோல் நுனியிலிருந்து அடிவரை அழுத்தித் துடைத்துவிட்டார்.

“ரொம்பக் கம்மியா இருக்கு. நல்லவேளை, மாமா பார்த்தாங்க. நாம நம்ம வண்டியிலேயே போயிடலாம்.”

தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பதாகச் சாதிக்கிற நோயாளிகளிடம் பேசும் குரல் அது.

“பரவாயில்லையே, தலைவரே!” என்றாள் மனைவி. அதில் கேலியே இல்லை.

தலைவர் நிமிரவில்லை. டார்ச் அணைந்த பிறகும் அந்த ஓட்டைக்குள்ளேயே எதையோ பார்த்துக்கொண்டு கிடந்தார்.