வெளிச்சம் பார்க்க உட்கார்ந்தவர்கள்

எங்கள் கடைத்தெருவில் இசேகியின் வெந்நீர்க் குளியல்கூடத்துக்கு முன்னால் ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது. குளித்துவிட்டு வருகிறவர்கள் உட்கார்ந்து குளிர்ந்த பால் குடிப்பதற்காகப் போட்டது. போன இலையுதிர் காலத்தில் அதற்கு டிவி தொடரில் நடிக்க வாய்ப்பு வந்தது. இரண்டு இளைஞர்கள் அதில் உட்கார்ந்து, முதல்முறையாகக் கைகோத்துக்கொண்டு, தங்களைத் தாங்களே மன்னித்துக்கொள்ளப் போகிறார்களாம்.

சொன்னவர் டைரக்டர். கறுப்புத் தொப்பி, கறுப்புச் சட்டை, துக்க வீட்டுக்குக் கிளம்பி வழிதவறி வந்தவர் மாதிரி இருந்தார். கடைக்காரர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, "இது வெறும் காதல் கதை இல்லீங்க. மனக்காயத்துக்கு மருந்து. ஒருத்தன் தன்னையே ஏத்துக்கிற அந்த நொடியைப் பிடிக்கப் போறோம்" என்றார்.

"மருந்துக்கு எதுக்குய்யா இவ்ளோ ஒயரு?" என்றாள் மீன்கடை ஓகுமா.

இசேகிக்கு வயது ஐம்பத்தாறு. மாடியில் அவரோடு குடியிருந்த மிகுரியாதான் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். 'தூரத்துச் சொந்தம்' என்று அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார் இசேகி. பதினெட்டு வருடமாக அந்தத் தூரம் குறையவே இல்லை. எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் இருப்பதுதான் எங்கள் ஊரில் நாகரிகம்; போட்டி வைத்தால் எங்கள் தெருதான் கோப்பை வாங்கும். தெருவில் மிகுரியா அவரை 'முதலாளி' என்பார். என் ஊறுகாய்க் கடைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் இசேகி வெறும் 'தமொ'.

நடிகர்களுக்கு ஒப்பனை நடக்கும்போது, அவர்கள் இடத்தில் வேறு இரண்டு பேரை உட்காரவைத்து வெளிச்சம் பார்ப்பார்களாம். முந்தின நாள் லைட்டுக்காரர் வந்து, ஏறக்குறைய அதே உயரம் என்று இசேகியையும் மிகுரியாவையும் கேட்டிருந்தார். மறுநாள் காலை சுவர் வழியே மிகுரியாவின் குரல் கேட்டது.

"ஒரே ஒரு தடவை தமொ. தெருவுல, பகல்ல, உன் பக்கத்துல ஒட்டி உட்காரணும். வேற எதுவும் நான் கேட்டதே இல்ல. ஷூட்டிங் வேலைன்னு நெனச்சுக்குவாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சரி, சரி. சோறு ஆறுது" என்றார் இசேகி.

மத்தியானம் உட்கார்ந்தார்கள். நடுவே இன்னொருவர் தாராளமாக உட்காரலாம்.

"ஐயா, நெருங்கி வாங்க. யாருக்காக இடம் புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார் லைட்டுக்காரர்.

இசேகி நகர்ந்தார்.

"கையைக் கோத்துக்குங்க. வெளிச்சம் கைமேலதான் விழணும்."

மிகுரியா கையைப் பிடித்தார். விளக்கு எரிந்தது. பாய்லர் கதவு சுட்ட பழைய தழும்புகூடத் தெரியும் வெளிச்சம். அடுத்த கணம் ஓகுமா கைதட்டி, "அடடே, முதலாளி! பொருத்தம் பிரமாதம்!" என்று கத்தினாள். பாவம், அவள் மனதில் ஒன்றுமில்லை.

இசேகியின் கை நழுவத் தொடங்கியது.

"தமொ, கையை எடுக்காத."

தெருவில் அந்தப் பெயர் ஒலித்தது அதுதான் முதல்முறை. இசேகி எழுந்தே விட்டார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "இந்தாளு கையெல்லாம் பாய்லர் கரி! வேற ஆளைப் பாருங்கப்பா. நமக்குப் பொம்பளைங்க கையைப் புடிச்சுத்தான் பழக்கம்!" என்றார்.

தெரு சிரித்தது. நானும்தான்.

மிகுரியா விரித்த கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார். "அப்படியே இருங்க, நல்லா வருது" என்றார் லைட்டுக்காரர்.

பிறகு நடிகர்கள் வந்தார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் செய்தார்கள். ஒருவன் தயங்கினான், மற்றவன் கையை நீட்டினான், காற்று சொல்லிவைத்தது போல் அடித்தது. ஓகுமா மூக்கைச் சிந்தினாள். எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் இசேகி. என் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். குளியல்கூட வாசலில் நின்றிருந்த மிகுரியா நடிகர்களைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரமே மிகுரியா பாய்லரைக் கழுவி, புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு, வடக்கே அகிதாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். முள்ளங்கி ஊறுகாய் வாங்க என் கடையில் நின்றார்.

"அழுதாரு, பாத்தீங்களா? அந்தப் பசங்களுக்காக."

"நல்ல சீன் இல்லையா அது" என்றேன் நான்.

"எனக்காக அழ வேணாங்க. உக்காந்திருந்தாலே போதும்."

"பஸ்ஸுல குளிரும், பாத்துப் போங்க" என்றேன். எங்கள் தெரு நாகரிகம் அவ்வளவு தூரம்தான் போகும்.

'சொந்தக்காரர் ஊருக்குப் போயிருக்கார்' என்றார் இசேகி. 'அப்படியா' என்றோம். எப்போது வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொடர் ஓகோ என்று ஓடியது. பெஞ்சைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். இசேகி தினமும் அதைத் துடைத்துவைக்கிறார். கேட்டால் போட்டோவும் எடுத்துக்கொடுக்கிறார். போன வாரம் இரண்டு ஆண்கள் வந்தார்கள், எங்கள் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"கிட்ட வாங்க" என்றார் இசேகி. "கையைப் புடிங்க."

"பாக்கறாங்களே..."

இசேகி திரும்பி எங்களைப் பார்த்தார். ஓகுமா மீனுக்கு ஐஸ் அள்ளப் போனாள். நான் ஜாடிகளைத் திருப்பி வைத்தேன்.

அவர்கள் கையைப் பிடித்தார்கள். இசேகி எடுத்தார். படம் கலங்கிப்போயிற்று போல.

"இன்னொண்ணு எடுக்கறேன்" என்றார். "கையை எடுத்துடாதீங்க. தயவுசெஞ்சு, கையை எடுக்காதீங்க."