பின்னந்தலையில் ஒரு வட்டம்

இருபது வருடமாக ஊரார் பின்னந்தலைகளைக் கைக்கண்ணாடியில் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்கிறவன் நான். என் பின்னந்தலையை எனக்குக் காட்ட ஆளில்லை. அதனால் அங்கே நாணய அளவுக்கு முடி உதிர்ந்து பளபளத்த விஷயம், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முடிதிருத்துகிறவன் தலையிலேயே பொட்டல் என்றால் எவன் கழுத்தை நீட்டுவான்?

எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. முன்பு ஒருவர் தலையில் படர்தாமரையோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின் அதே நாற்காலியில் உட்கார்ந்த நாலு பேருக்கும் தொற்றியது. அன்றிலிருந்து கத்தரிக்கு முன் லென்ஸை எடுத்துத் தலையைச் சோதிப்பது என் வழக்கம். இப்போதும் யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனார்கள் என்று முடிவுகட்டி, சீப்புகளைக் கொதிக்க வைத்தேன். வட்டம் இரண்டானது.

அந்த வாரம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், தபால்காரர், கடை திறந்த அன்று முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தவர். தொப்பியைக் கழற்றியதும் லென்ஸில் வெள்ளை வெள்ளையாகச் செதில். எனக்கு அந்தப் பழைய படர்தாமரைதான் தெரிந்தது. மூன்று பேர் காத்திருக்க, அவர் கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்தேன்.

"குணமானப்புறம் வாங்க மச்சான்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து என் கடிதங்கள் கதவிடுக்கு வழியாக வந்தன. அதுவரை அவற்றோடு அவரும் உள்ளே வந்து அரைமணி நேரம் வம்பளப்பார். வீட்டில் மனைவி, தட்டு வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மூன்றாவது வட்டம் என்னைத் தோல் டாக்டரம்மாவிடம் தள்ளியது. தொற்றே இல்லை என்றார். உடம்பில் கோடிக்கணக்கான காவல் அணுக்கள் இருக்கின்றனவாம். எந்த எதிரி வருவான் என்று முன்கூட்டியே தெரியாததால், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அடையாளத்தை மட்டும் பிடிக்கிற மாதிரி, குருட்டாம்போக்கில் தயாராகுமாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் அவற்றுக்கு ஒரு பயிற்சிக்கூடம். சொந்த உடம்பை அடிக்கப் பார்ப்பதை அங்கேயே கழித்துக்கட்டிவிடும். தேறி வெளியே வருவது, தன் எதிரியைக் கண்டால் பல்கிப் பெருகும். அந்த முகத்தை வருடக்கணக்கில் மறக்காது.

"ஒண்ணு ரெண்டு தப்பிச்சு வந்துடும். அதை அடக்கி வைக்கிற அணுக்களும் அசந்துட்டா, சொந்த ஆளையே எதிரின்னு அடிக்கும். உங்களுக்கு முடிவேரை அடிக்குது."

"என்ன கெட்ட புத்தி டாக்டர் அதுங்களுக்கு?"

"கெட்ட புத்தி இல்லைங்க. ரொம்ப அக்கறை."

சட்டைப்பையில் லென்ஸ் உறுத்தியது. மச்சானின் செதிலை விவரித்துக் கேட்டேன். பொடுகு மாதிரி இருக்கிறது என்றார். வேர் சாகவில்லை, முடி திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்று என் தலையில் ஊசிகளைக் குத்தி அனுப்பினார்.

நேராகத் தபால் நிலையம். மச்சான் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் குனிந்து மூன்று வட்டங்களையும் காட்டினேன்.

"மச்சான், உங்களுக்கு வெறும் பொடுகு. வியாதி எனக்குத்தான்."

"தெரியும் மாப்ளே. ஒரு மாசமா பாக்குறேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

நிமிர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவர் என் வீட்டுக் கடிதத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். நாளைக்குக் கடைக்கு வருவதாகவும், டீக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

லென்ஸ் இன்னும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் டாக்டரம்மாவின் முகவரியைக் காதோடு சொல்லி, சீப்பைத் தனியாகக் கொதிக்க வைக்கிறேன், துணியை அவிழ்ப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து, முடி வெட்டிக்கொண்ட மச்சான் எழுந்து என்னை நாற்காலியில் அமுக்கிவிட்டு, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தார். பெரிய வட்டத்தில் பூனைமுடி மாதிரி ஏதோ தெரிந்தது.

"வெள்ளையா வருதே மாப்ளே, பரவாயில்லையா?"

"வரட்டும் மச்சான். வர்றவங்களைத் திருப்பி அனுப்புற பழக்கத்தை விட்டுட்டேன்."